தேமலுக்கு மருந்து இல்லை

நாற்பத்தேழு வயதில் நான் மறுபடி பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சியில் எனக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை. விவசாயப் படிப்பு இல்லாமல் இந்தக் கடை வைத்திருப்பவர்கள் ஒரு வருடம் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. என் படிப்பு பி.காம். அதிலும் ஒரு பேப்பர் பாக்கி. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், எலவனாசூர்கோட்டை என்று சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் நாற்பது பேர் வந்தோம். பெஞ்சு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவுக்குச் செய்தது. முழங்கால் மேசைக்கு அடியில் நுழையாததால் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தோம். கரும்பலகையைப் பார்த்த நேரத்தைவிட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த நேரம் அதிகம்.

என் முகத்துக்கு நேராக வாய்த்தவர் என் எதிர்க்கடைக்காரர். பதினைந்து வருடமாக ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை வைத்திருக்கிறோம். அதுவரை தலையசைப்போடு சரி. வகுப்பு எங்களைப் பேச வைத்தது. அவரிடம் பேனா இருக்காது, என்னிடம் இரண்டு இருக்கும்.

சில வாரங்கள் மண், உரம் என்று போயின. பிறகு தாவர நோய்களும் அவற்றின் காரணங்களும் பற்றிய அறிமுகப் பாடம் வந்தது. எடுத்தவர் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். எங்கள் எல்லோரையும் 'சார்' என்றே கூப்பிட்டார், அதட்டும்போதும்.

"நோய்னா என்ன சார்?" என்று கேட்டார்.

"செடி நல்லா இல்லாம இருக்கறது" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"சரி. ஏன் நல்லா இல்லாம போகுது?"

நாற்பது பேரும் தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்தோம். இத்தனை வருடம் வியாபாரம் செய்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிது. என் கடையில் நோய் இரண்டு வகை. பொடி மருந்தில் போவது, பாட்டில் மருந்தில் போவது. விவசாயி இலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். நான் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இலையைத் திருப்பிப் பார்த்து, "ம்" என்பேன். திருப்பிப் பார்ப்பது எதற்கு என்று எனக்குத் தெரியாது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா கடை நடத்திய காலத்தில் அப்படிப் பார்ப்பார். நானும் பார்த்தேன்.

அந்த மேடம் பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். ஒரு முனையில் செடி. ஒரு முனையில் நோயை உண்டாக்கும் கிருமி. இன்னொரு முனையில் வானிலை. மூன்றும் ஒத்துப்போனால்தான் நோய் வரும், ஒன்று ஒத்துழைக்காவிட்டாலும் வராது என்றார். கிருமியில் பூஞ்சாணம் வேறு, பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு. வேரைத் தாக்கும் நூற்புழு வேறு. இவை எதுவுமே இல்லாமல் சத்துக் குறைவாலும், தண்ணீர் தேங்கியும், மண்ணில் உப்பு ஏறியும் செடி வாடும். அதற்கு எந்த மருந்தை அடித்தாலும் செடி கண்டுகொள்ளாது. காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது, முகவரி எழுதாமல் கடிதம் போடுவது மாதிரி என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். எதிர்க்கடைக்காரர் முக்கோணத்தை ஸ்கேல் வைத்துப் போட்டார்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கு ஒரு நோய் கண்ட செடி கொண்டுவர வேண்டும். நாங்கள் அதற்கு என்ன மருந்து கொடுத்தோம் என்பதையும் எழுதிவர வேண்டும்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் மலையடிவாரத்து அக்கா. கல்வராயன் மலை ஏறும் சாலைக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்தனார் வேலை, பொங்கலுக்குத்தான் வருவார். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளியை நட்டு, களையெடுத்து, பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புவதுவரை அந்த அக்காதான். நாலு வருடமாக அவர் மரவள்ளியில் தேமல் விழுந்திருந்தது. இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். இலை சுருங்கி ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். கிழங்கு விரல் பருமன். ஒவ்வொரு வருடமும் இலையோடு வருவார். நான் ஒரு பொடியும் ஒரு டானிக்கும் கொடுப்பேன்.

ஆள் அனுப்பி அவர் மரவள்ளிக் காட்டிலிருந்து ஒரு கிளை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோனேன். என் முறை வந்தது.

"இதுக்கு என்ன குடுத்தீங்க சார்?"

சொன்னேன்.

"அது பூஞ்சாணத்துக்கு."

"ஆமாங்க மேடம்."

"இது வைரஸ்."

"இப்பதான் தெரியுதுங்க."

"எத்தனை வருஷமா குடுக்கறீங்க?"

"நாலு வருஷமா. கூட ஒரு டானிக்கும்."

"குணமாச்சா?"

"இல்லீங்க. ஆனா வருஷா வருஷம் வந்து வாங்கிக்கினாங்க."

வகுப்பே சிரித்தது. எதிர்க்கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மேடம் அவர் பக்கம் திரும்பி, "உங்க கடையில இதுக்கு என்ன சார் குடுப்பீங்க?" என்றார். அவர் சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "அதேதாங்க" என்றார்.

மேடம் கிளையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். இந்த நோயை மருந்தடித்துக் குணமாக்க முடியாது. இது இரண்டு வழியில் வருகிறது. இலையின் அடிப்பக்கத்தில் உட்காரும் வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகிறது. அதைவிடப் பெரிய வழி, நடுகிற குச்சி. மரவள்ளியை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. போன வருடத்துச் செடியின் தண்டைச் சாண் சாணாக வெட்டித்தான் நடுகிறோம். தாய்ச்செடியில் நோய் இருந்தால் குச்சியிலும் இருக்கும். அதில் துளிர்க்கும் முதல் இலையே தேமலோடுதான் வரும்.

"அந்தம்மா வருஷா வருஷம் நோயை வெட்டி நட்டிருக்காங்க. நீங்க வருஷா வருஷம் அதுக்குப் பவுடர் போட்டிருக்கீங்க" என்றார்.

இலையின் அடிப்பக்கம் என்றதும் எனக்கு அத்தா ஞாபகம் வந்தது. அவர் எதைத் தேடித் திருப்பினார் என்பது அப்போதுதான் புரிந்தது. அதை என்னிடம் சொல்ல அவருக்கு மறந்திருக்க வேண்டும். அல்லது சொல்லி, நான் கேட்காமல் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஏனென்றால் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அக்கா கடையில் நின்று ஒரு விஷயம் சொன்னார். மலைமேல் இருக்கும் ஒரு சிநேகிதி சந்தைக்கு வரும்போது ஒரு கட்டுக் குச்சி கொடுத்தாராம். அதை ஓரத்தில் ஒரு வரிசை நட்டாராம். அந்த வரிசையில் மட்டும் தேமல் விழவில்லையாம். "அது மட்டும் எப்டி பாய்?" என்று கேட்டார். எனக்குக் கடையில் கூட்டம். "மண்ணு வாகுக்கா" என்று சொல்லிவிட்டுப் பொடியைப் பொட்டலம் கட்டினேன். பதில் சீக்கிரம் சொல்லுவேன் என்று எனக்குக் கடைத்தெருவில் நல்ல பெயர்.

விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்து மூன்று வாரம் ஆனது. கடையில் ஆள் இல்லை, வெயில் அதிகம், மழை வருகிறது என்று ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போய் சொல்லிட்டு வாங்களேன். அந்தம்மா கடிச்சிடவா போறாங்க?"

"அவங்க இன்னா சொல்லுவாங்களோன்னு இருக்குது."

"அத அவங்க சொல்லட்டும். நீங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா காட்டில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இன்னா பாய் இவ்ளோ தூரம்? வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்லக்கா. ஒரு விஷயம் சொல்லணும்."

"யார்னா தவறிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. தேமலுக்கு மருந்து இல்லக்கா."

"ஏன், ஸ்டாக் வரலியா?"

"ஸ்டாக்கு இருக்குது. அந்த நோய்க்கு மருந்தே கெடையாது. எங்கயும்."

அவர் அரிவாளைப் புல்மேல் வைத்தார்.

"அப்ப நாலு வருஷமா நான் அடிச்சது?"

"அது வேற நோய்க்கு."

"அந்த நோயி என் செடிக்கு இருந்துச்சா?"

"இல்ல."

திட்டுவார் என்று நின்றேன். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"டேங்க முதுவுல மாட்டிக்கினு இந்த ஒன்ற ஏக்கரும் நடந்தேன் பாய். மொத வருஷம் தோளு புடிச்சிக்கினு ஒரு வாரம் படுத்துக்கினேன். வூட்டுக்காரரு போன்ல இன்னா சொன்னாரு தெரியுமா? மருந்து அடிக்கிற முறை தெரியல ஒனக்குன்னாரு. நானும் அப்டித்தான் போலன்னு நெனச்சிக்கினேன்."

நோய் மருந்துக்குக் கேட்காதபோது அடித்தவர்மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பெங்களூரில் இருக்கிற மனிதருக்கு அந்த வாக்கியம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

"தப்பு என்னுதுதான்கா" என்றேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன், மலைக்குச்சியில தேமல் வுழலன்னு."

"சொன்னீங்க."

"மண்ணு வாகுன்னீங்க."

"ஆமா."

"ரெண்டுமே ஒரே மண்ணுலதான பாய் நட்டேன்."

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே மழை. மாறியது குச்சி ஒன்றுதான். முக்கோணம் போடாமலேயே அவர் காரணத்தைப் பிடித்திருந்தார். கடைக்காரனிடம் கேட்டதுதான் அவர் செய்த பிழை.

அந்த மலைக்குச்சிகள் என்னவாயின என்று கேட்டேன். அறுவடையின்போது எல்லாத் தண்டோடும் கலந்து கட்டி வைத்துவிட்டாராம். இலை உதிர்ந்த பிறகு எது எது என்று யாருக்குத் தெரியும்? மறுபடி மலைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த வகுப்பில் மேடத்திடம் கேட்டேன். செடியில் இலை இருக்கும்போதே போய்ப் பாருங்கள், நோயில்லாத செடிகளுக்கு மட்டும் அடையாளம் கட்டுங்கள், அறுவடையில் அவற்றின் தண்டை மட்டும் தனியாக எடுங்கள் என்றார். என் மனைவி தைத்ததில் மிஞ்சிய நீல லைனிங் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை நானும் அக்காவும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துக்கினே வரச் சொன்னார். இறங்கி ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தோம். சிநேகிதியும் அவர் வீட்டுக்காரரும் சரிவில் சாமை அறுத்த நிலத்துக்கு மேலே மரவள்ளி போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மருந்துக்கட பாய் எதுக்கு மல ஏறி வந்துக்கிறாரு? இங்க நாங்க மருந்தே அடிக்கிறதில்லியே."

"விக்க வரல. குச்சி பாக்க வந்தேன்."

"குச்சிய பாக்கறதுக்கு இன்னா இருக்குது?"

அக்கா குறுக்கே வந்து விளக்கினார். நான் வகுப்பில் கேட்டதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. வீட்டுக்காரர் பாதி நம்பினார். மீதிப் பாதிக்காக எங்கள் பின்னாலேயே வந்தார்.

மலையில் தேமலே இருக்காது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கேயும் இருந்தது, குறைவாக. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தோம். திட்டும் கோணலும் இல்லாதவற்றுக்கு நாடா கட்டினோம். ஒரு பாறை ஓரத்தில் நாலைந்து செடிகள் வெளுத்து நின்றன. தேமல் என்று நான் தள்ளினேன். சிநேகிதி மறுத்தார்.

"அது எப்பவுமே அப்டித்தாங்க. அங்க மண்ணு ஆழம் கம்மி. கீழெல மட்டும் வெளுக்கும், கோணாது பாருங்க."

இலை கோணவில்லைதான். திட்டு இல்லாமல் ஒரே சீராக வெளுத்திருந்தது. சத்துக்குறை என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. உறுதிசெய்யப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பப் பார்த்தேன். சிக்னல் இல்லை. பாறைமேல் ஏறி நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்கா முடிவு சொன்னார்.

"சந்தேகம்னா வுட்டுடுங்க பாய். இருக்கறதே போதும்."

மதியத்துக்குள் நாடா தீர்ந்தது. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, நாடா கட்டாத செடியெல்லாம் சீக்கு என்றால் தானும் அடுத்த வருடம் அவற்றை நடக்கூடாதா என்று கேட்டார். நடக்கூடாது என்றேன். அவர் எழுந்துபோய் மிச்சச் செடிகளை எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல சேதி என்று நினைத்து நான் கொண்டுபோனது ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் போய் இறங்கியது.

தை மாதம் அறுவடையாகி, நாடா கட்டிய தண்டுகள் காய்கறி வண்டியில் இறங்கி வந்தன. அக்காவின் ஒன்றரை ஏக்கருக்கு அவை போதவில்லை. முக்கால் ஏக்கருக்குத்தான் வந்தது. மீதி நிலத்தில் மணிலாக் கடலை போட்டார். மேடம் சொன்னபடி பழைய மரவள்ளித் தண்டு முழுவதையும் காட்டை விட்டு அப்புறப்படுத்தி எரித்தார். நட்ட இரண்டாவது வாரம் துளிர் வந்தது. நான் நாலு நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். முதல் இலை, இரண்டாவது இலை, மூன்றாவது இலை, எல்லாம் சுத்தமான பச்சை. சொந்தப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து, தெற்கு ஓரத்தில் சில செடிகளின் நுனியில் தேமல் தெரிந்தது. கீழிலைகள் சுத்தமாக இருந்தன. அப்படியென்றால் நோய் குச்சியில் வரவில்லை, பக்கத்துக் காட்டிலிருந்து வெள்ளை ஈ கொண்டுவந்திருக்கிறது. பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. இருபது வருடமாக எல்லாச் செடியையும் காப்பாற்றலாம் என்று சொல்லியே பிழைத்தவன் நான். அக்கா என்னைக் கேட்கவில்லை. வரிசையாகப் போய்ப் பதினோரு செடிகளை வேரோடு பிடுங்கி, சாக்கில் அமுக்கிக் கட்டி எடுத்துப்போனார்.

"பாவமா இருக்குதுக்கா" என்றேன்.

"பாவம் பாத்தா மத்ததுக்கும் வரும். தள்ளுங்க."

வகுப்பின் கடைசிப் பகுதியில் கள ஆய்வு உண்டு. மேடம் அக்காவின் காட்டைத் தேர்ந்தெடுத்தார். நாற்பது கடைக்காரர்கள் ஒரு வேனிலும் சில பைக்குகளிலும் போய் இறங்கினோம். அக்கா வரப்பிலேயே எங்களை நிறுத்தினார்.

"உள்ள வர்றவங்க பாத்து நடங்க. எதையும் ஒடைக்காதீங்க."

மேடம் அவரை நாலு வார்த்தை பேசச் சொன்னார். முன்னால் வந்து நின்றார். முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"எல இருக்கும்போதே நல்ல செடிய பாத்து வெச்சிக்கினு, அதுலேர்ந்து மட்டும் குச்சி வெட்டுங்க. சீக்கு வந்தா புடுங்கிப் போடுங்க. அவ்ளோதாங்க." போகத் திரும்பியவர் நின்றார். "இன்னொண்ணு. யார்னா வந்து ஒரு விஷயம் சொன்னா, பொட்டலம் கட்டறத நிறுத்திட்டு கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். எதிர்க்கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சையில் இருவரும் தேறினோம். அவருக்கு என்னைவிட மார்க் ஜாஸ்தி. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். இப்போது யாராவது தேமல் இலையோடு வந்தால், மருந்து இல்லை, குச்சியை மாற்றுங்கள் என்கிறேன். சிலர் உட்கார்ந்து கேட்கிறார்கள். பலர் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து, தெருவைக் கடக்கிறார்கள். எதிர்க்கடைக்காரரும் மருந்து இல்லை என்றுதான் சொல்கிறார் என்று கேள்வி. அங்கிருந்து அவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போகிறார்கள்.

அந்த வருடக் கிழங்கைப் பிடுங்க அக்காவின் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து முன்னதாகவே வந்தார். நானும் போயிருந்தேன். முதல் செடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். மண்ணைப் பிளந்துகொண்டு கை பருமனில் ஆறேழு கிழங்குகள் கொத்தாக மேலே வந்தன. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வருஷம் மழ நல்லா புடிச்சிக்கிச்சு" என்றார்.

நான் விளக்க வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டிவிட்டு, அந்தச் செடியின் தண்டைக் கிழங்கிலிருந்து வெட்டி, அடுத்த நடவுக்குத் தனியாக நிழலில் சாய்த்து வைத்தார்.